யாழினியா, யாழிசையா? பெயர்க் குழப்பங்களுக்குப் பதில்கள்

பெயர் தேர்வில் தடுமாறும் பெற்றோரின் கேள்விகளுக்கு ஒரு தமிழாசிரியை பதில் சொல்கிறார்.

மகளுக்கு யாழினி, யாழிசை இரண்டில் ஒன்று வைக்க ஆசை. ஆனால் எங்கள் மதுரைப் பக்கம் ‘ழ’ எல்லாம் ‘ள’ ஆகிவிடுகிறதே?

ஆகத்தான் செய்யும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்கிற வாய், யாழினியை ‘யாளினி’ என்றுதான் கூப்பிடும். அதனால் பெயர் கெட்டுப்போகாது. குழந்தை தன் பெயரை வீட்டில் சரியாகக் கேட்டு வளர்ந்தால் போதும், அதுவே மற்றவர்களைத் திருத்திவிடும். ‘ழ’ வராது என்று பயந்து அந்த எழுத்தையே ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டில் எது என்றால், என் ஓட்டு யாழினிக்கு. பேச்சில் கடைசி ‘ஐ’ தேய்ந்துவிடும்: மலை ‘மல’ ஆவதுபோல யாழிசையும் ‘யாழிச’ ஆகும். யாழினி தேயாது. தூரத்திலிருந்து கூப்பிடும்போது ‘யாழினீ...’ என்று நீட்டவும் வரும். வாசலில் நின்று இரண்டையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். பையனென்றால் வேலன், பெண்ணென்றால் கயல். அங்கே எப்படிச் சொல்வார்கள்?

வேலனை ‘வி’ எழுத்தில் தொடங்கினால் ‘ஃபேலன்’ என்று படிக்க நிறைய வாய்ப்பு உண்டு. ‘டபிள்யூ’ போட்டால் நம் ‘வ’ கிடைக்கும், ஆனால் ஊருக்கு வந்தால் அது விநோதமாகத் தெரியும். கயலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மன்காரர்கள் கண்மையைக் கிட்டத்தட்ட ‘கயால்’ என்றுதான் சொல்கிறார்கள். மீன் போன்ற கண்ணை நினைவூட்டும் பெயருக்கு இது நல்ல பொருத்தம். தயங்காமல் வையுங்கள்.

இன்னொன்று: ‘ழ’ வரும் பெயரென்றால் கனிமொழிக்கு எழுதுவதுபோல ‘இசட் எச்’ போடுவது தமிழ்நாட்டு வழக்கம். ஈழத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் ‘எல்’ போடுவார்கள். ஜெர்மனியில் ‘இசட்’டை ‘ட்ஸ்’ என்று ஒலிப்பதால் அங்கே ‘எல்’தான் நல்லது.

தியா என்று வைத்தால், பாட்டி ‘திரு’வில் வரும் ‘தி’யாகச் சொல்கிறார். நாங்கள் நினைப்பது ‘தீபா’வின் மெல்லிய ஒலி.

பாட்டி மேல் குறையில்லை. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஓரெழுத்துதான். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் க, த, ப வல்லோசையாகவே ஒலிக்கும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ‘தியா’ என்று இருக்கும்வரை இந்தக் குழப்பம் தொடரும். அது உறுத்தும் என்றால் ம, ந, ய, வ அல்லது உயிரெழுத்தில் தொடங்கும் பெயராகப் பாருங்கள். நிலா, மலர், இனியா: யார் படித்தாலும் முதலெழுத்து மாறாது.

மூத்தவன் முகிலன். இளையவனுக்கு அகிலன் வைக்கலாமா?

வேண்டாம். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் ‘கிலன்’ மட்டும்தான் காதில் விழும், இரண்டு பேரும் ஓடி வருவார்கள். கவின், எழில், நன்மாறன் என்று ஓசை விலகிய பெயராக வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லையே?

அவசரப்படாதீர்கள். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருடம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் பதிந்த பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். அதனால் ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, அப்பா அம்மா இருவரும் சரிபார்த்த பிறகே கொடுங்கள்.