புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லையா? கேள்வி-பதில்

கேள்வி: ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இரண்டாவதும் டவுன். கடைக்காரர் வேறு பிராண்டு போட்டுப் பார்க்கலாம் என்கிறார். போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. முதல் பேட்டரியைக் கழற்றும்போதே சார்ஜிங்கைப் பார்த்திருக்க வேண்டியவர் விற்றவர்தான். அளக்காமலே "பேட்டரி போச்சு" என்று சொல்லி அடுத்ததை விற்றுவிடுகிற இந்தப் பழக்கம் எனக்கு ஆறவே ஆறாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதிதான். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். அப்புறம் இன்ஜின் ஓடும்போது அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வரை காட்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு அளக்கும்போது 12 சொச்சத்திலேயே நிற்கிறதென்றால் சார்ஜ் போய்ச் சேரவில்லை. ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்வது) சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அதனுள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். 15-ஐத் தாண்டிப் போனால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும், ஒரே தடவை அளந்து முடிவு கட்டாதீர்கள். இதெல்லாம் பார்க்காமல் எந்த பிராண்டு போட்டாலும் அதுவும் சாகும்.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடுமாமே?

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள். வோல்டேஜ் எகிறி வண்டியின் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய பேட்டரி சீக்கிரமே போய்விட்டது. பில் இல்லை, வாரண்டி கார்டில் தேதியும் எழுதவில்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: கஷ்டம். பில்லும் தேதியும் கேட்காமல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? எனக்கும் ஒரு கடையில் வெகுநாள் அலமாரியில் கிடந்ததைப் புதுசு என்று தலையில் கட்டினார்கள், ஒரு வருடம் தாங்கவில்லை. சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். தயாரிப்புத் தேதிக் குறியீடு பேட்டரி மேலேயே இருக்கும். அதன் அர்த்தத்தைக் கடைக்காரரைச் சொல்லச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. நான்கு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. ஓடும்போது 14.2 காட்டுகிறது.

பதில்: அளந்துவிட்டு எழுதினீர்கள், நல்லது. வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது. பூட்டிய வண்டி முழுக்க அடங்க சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதன் பிறகு பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 500 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு), நான்கு நாளில் 48. உங்களுடையது 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் கரண்ட் சட்டென்று குறைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பிற்பாடு மாட்டிய கேமரா, டிராக்கர், ஆம்ப்ளிஃபையர் இவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. பேட்டரி மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துத் துடைத்துக் காயவையுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.