மதிப்பெண் 6 என்றால் தலையெழுத்தா?

கேள்வி: எனக்கு வயது 34. அப்பாவுக்குக் குடி, தினமும் அடி. எனக்கு எட்டு வயதானபோது அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மாச்சிதான் வளர்த்தார். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறேன். உடம்பெல்லாம் வலி, எதிலும் நாட்டமில்லை. சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிய 10 கேள்விகளுக்குச் செல்போனில் பதில் சொன்னதில் 6 வந்தது. வெள்ளைக்காரர்கள் போட்ட கணக்கு நமக்குப் பொருந்துமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பாதி பொருந்தும். 1995-97இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலிருந்து வந்த கேள்விகள் அவை. பெரும்பாலோர் வெள்ளையர், படித்தவர், மருத்துவக் காப்பீடு உள்ளவர். பத்தில் நான்கு கேள்விகளுக்கோ அதற்கு மேலோ 'ஆம்' என்று சொன்னவர்களிடம் மனச்சோர்வு அதிகம் இருந்தது உண்மைதான். ஆனால் அது ஊர்க்கணக்கு. உங்கள் ஜாதகம் அல்ல. கொடுமை எத்தனை வருடம் நீடித்தது, அம்மாச்சி மாதிரி ஒருவர் துணை இருந்தாரா என்றெல்லாம் அது கேட்பதில்லை. சாதி சொல்லிப் பள்ளியில் ஒதுக்கியதும், சுனாமியிலோ கஜா புயலிலோ வீடு போனதும் அந்தப் பத்தில் கிடையாது. இனப் பாகுபாட்டையும் தெரு வன்முறையையும் பின்னாளில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் கணக்கெடுப்பில்தான் சேர்த்தார்கள்.

சமூகத்துக்குச் சமூகம் கணக்கு மாறுவதும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் மனச்சோர்வு வெள்ளையரைவிடக் குறைவாகவே பதிவானது. ஆனால் அவர்களில் மனச்சோர்வு வந்தவர்களை அது எளிதில் விடவில்லை, சிகிச்சைக்குப் போனவர்களும் குறைவு. ஆகவே 6ஐ ஓரமாக வையுங்கள். பார்க்க வேண்டியது இந்த மூன்று மாதத்தை.

நம் பக்கத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் டாக்டரிடம் போகிறது. வலியை மட்டும் சொன்னால் ஊசியும் சத்து மாத்திரையும்தான் கிடைக்கும். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசி எப்படி, எந்த வேலையில் ஆசை விட்டுப்போனது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையையும் கேளுங்கள். இரண்டுமே சோர்வைத் தரும்.

மாத்திரை கொடுத்தால் முதல் வாரம் குமட்டலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். 'ஒன்றும் கேட்கவில்லை' என்று பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான். அப்பா கதையை முதல் நாளே கொட்ட வேண்டும் என்பதில்லை. தூக்கம் திரும்பட்டும், பிறகு பேசலாம்.

செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானாலும் 14416க்குக் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள்.