ரத்தப் புற்றுநோயும் பாஷாணமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அத்தை மகனுக்கு வயது 31. பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை, கையிலும் தொடையிலும் அடிபடாமலே நீலத் திட்டுகள். ரத்தப் பரிசோதனை செய்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயாம். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையும் தினமும் ஆர்செனிக் டிரிப்பும் கொடுக்கிறார்கள். கீமோதெரபி இல்லை என்கிறார்கள். மாமாவோ, "இது நம் சித்த வைத்தியத்தில் உள்ள வெள்ளைப் பாஷாணம்தானே, வைத்தியரிடம் பற்பம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்கிறார். எனக்கு வேறு குழப்பம். புற்றுநோய் மரபணுவில் வரும் கோளாறு என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மரபணுவே கெட்டிருந்தால் மாத்திரை என்ன செய்யும்? எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது வருமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சொல்வதில் பாதி சரி. டிரிப்பில் ஏறுவது ஆர்செனிக் ட்ரையாக்சைடு. வேதியியல்படி வெள்ளைப் பாஷாணமும் அதுதான். ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பி வைத்தியரிடம் போய்விட வேண்டாம். காரணம் உங்களுடைய குழப்பத்துக்கான பதிலிலேயே இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம்.

உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டிஎன்ஏதான், புரதம் செய்யும் சுமார் 20,000 மரபணுக்களும் அப்படியே இருக்கின்றன. கல்லீரல் செல்லும் நரம்பு செல்லும் வேறுபடுவது, அவற்றில் எவை படியெடுக்கப்படுகின்றன என்பதால். ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது, அந்தப் படியை வைத்துப் புரதம் உருவாகிறது. நொதி எந்த மரபணுவில் வேலையைத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்பவை வேறு சில புரதங்கள். மனிதரிடம் இவை சுமார் 1,600 இருக்கின்றன, ஒவ்வொன்றும் டிஎன்ஏவில் தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு செல்லுக்குள் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு போலச் சுற்றிக் கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஏறினால் சுற்று தளர்ந்து மரபணு திறக்கும். அதை நீக்கினால் இறுகி மூடும்.

அந்த 1,600இல் ஒன்று ஆர்ஏஆர் ஆல்ஃபா. வைட்டமின் ஏயிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் பொருந்துவதற்கென்றே இதில் ஒரு குழி இருக்கிறது. அமிலம் இல்லாதபோது, அசிட்டைலை நீக்கும் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மரபணுவை மூடி வைக்கும். அமிலம் குழியில் வந்து அமர்ந்ததும் வடிவம் மாறும், மூடும் கூட்டாளிகள் விலகித் திறக்கும் கூட்டாளிகள் வந்து சேரும். எலும்பு மஜ்ஜையில் இளம் வெள்ளையணு முதிர்வதற்கு வேண்டிய பல மரபணுக்கள் இப்படித்தான் திறக்கின்றன.

உங்கள் அத்தை மகனின் மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த இடமாற்றத்தைச் சிகாகோவில் ஜேனட் ரௌலியின் குழு 1977இல் கண்டது. விளைவு ஒரு கலப்புப் புரதம். முன்பாதி பிஎம்எல் என்ற வேறொரு புரதம், பின்பாதி ஆர்ஏஆர் ஆல்ஃபா. இது மூடும் கூட்டாளிகளை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், உடம்பில் இயல்பாக இருக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு அசைவதில்லை. வெள்ளையணு ப்ரோமைலோசைட் என்ற அரைப் பருவத்திலேயே நின்று பெருகுகிறது. முதிர்ந்திருந்தால் சில நாட்களில் தானாகச் செத்திருக்கும். இந்த அரைப் பருவ செல்கள் ரத்தம் உறையும் முறையையும் குலைத்துவிடுகின்றன. ஈறில் ரத்தம் அதனால்தான். இந்த நோயில் ஆரம்ப வாரங்களின் பெரிய அபாயமே ரத்தக் கசிவுதான், எனவே குரோமோசோம் பரிசோதனையின் முடிவு வரும் முன்பே, சந்தேகம் எழுந்ததும் அந்த மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடைந்தது இரண்டு மரபணுக்கள். முதிர்வதற்கான மற்ற மரபணுக்கள் எதுவும் கெடவில்லை, படியெடுக்கப்படாமல் மூடிக் கிடக்கின்றன. மாத்திரையில் இருப்பது அதே ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவம், ஆனால் உடம்பில் இயல்பாக உள்ளதைவிடப் பல மடங்கு. அந்த அளவில் கலப்புப் புரதமும் பிடியை விடுகிறது, செல் விட்ட இடத்திலிருந்து முதிரத் தொடங்குகிறது. ஷாங்காயில் வாங் ஷென்யீயின் குழு 24 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1988இல் வெளியிட்டபோது உலகம் திகைத்ததற்குக் காரணம், புற்றுநோய் செல்களைக் கொன்று மஜ்ஜையைக் காலி செய்யாமலே நோய் அடங்கியதுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கலப்புப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது.

ஆர்செனிக்கின் கதையை மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள். வடசீனத்தின் ஹார்பின் நகரில் 1970களில் ஜாங் டிங்டாங்கும் அவருடன் இருந்தவர்களும் ஒரு நாட்டு மருந்தை எடுத்தார்கள். அதில் ஆர்செனிக், பாதரசச் சேர்மம், தேரை விஷம் மூன்றும் இருந்தன. பழைய மருந்து என்று கும்பிட்டு அப்படியே கொடுக்கவில்லை, விஷம் என்று தூக்கிப் போடவும் இல்லை. பிரித்துப் பார்த்தார்கள். வேலை செய்வது ஆர்செனிக் என்று தெரிந்ததும் மற்ற இரண்டையும் விட்டார்கள். எந்த நோய்க்குக் கேட்கிறது என்றும் பார்த்தார்கள். நன்றாகக் கேட்டது ஏபிஎல்லுக்கு. ஏன் என்பது பின்னால் தெரிந்தது: ஆர்செனிக் கலப்புப் புரதத்தின் பிஎம்எல் பாதியில் போய் ஒட்டுகிறது, உடனே செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாடு அந்தப் புரதத்தையே துண்டாக்கி அழித்துவிடுகிறது. மாத்திரை ஒரு முனையைப் பிடிக்கிறது, பாஷாணம் மறுமுனையைப் பிடிக்கிறது.

இது அந்த ஒரு புரதத்தைப் பொறுத்தது என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. மிகச் சிலருக்கு ஆர்ஏஆர் ஆல்ஃபா பிஎம்எல்லோடு சேராமல், 11ஆம் குரோமோசோமில் உள்ள பிஎல்இசட்எஃப் என்ற புரதத்தோடு சேர்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நோய் கிட்டத்தட்ட ஏபிஎல் மாதிரியே இருக்கும். ஆர்செனிக் கேட்காது, மாத்திரையும் சரியாகக் கேட்காது.

வேலூர் சிஎம்சிக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. மாத்திரையும் கீமோதெரபியும் சேர்ந்த சிகிச்சை பலருக்குக் கட்டுப்படியாகாத காலத்தில், ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகள். 86 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். பிறகு 2013இல் இத்தாலியின் லோ-கோகோ குழு, அபாயம் குறைவான நோயாளிகளிடம் மாத்திரையும் ஆர்செனிக்கும் சேர்ந்த சிகிச்சையை மாத்திரையும் கீமோவும் சேர்ந்ததோடு ஒப்பிட்டது. இரண்டு வருடம் பிரச்சினை இல்லாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 97 சதவீதம், இரண்டாவதில் 86. உங்கள் டாக்டர் கீமோ வேண்டாம் என்றது இந்த அடிப்படையில்தான்.

அப்படியானால் எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரு மாத்திரை ஏன் இல்லை? பர்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மைக் என்ற மரபணு இடம் மாறி, கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓயாமல் படியெடுக்கப்படுகிறது. அதுவும் இதே மாதிரிக் கோளாறுதான். ஆனால் மைக் புரதத்தில் மருந்து போய்ப் பொருந்த வசதியான குழி கிடையாது, அதை நேரடியாகப் பிடிக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஏபிஎல்லில் குழி பிறவியிலேயே இருந்தது. அது நம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

பற்பம் வேண்டவே வேண்டாம். ஆர்செனிக் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது, அதனால்தான் அடிக்கடி ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்க்கிறார்கள். அளவு தெரியாத பற்பம் உள்ளே போனால் அந்தக் கணக்கு முழுவதும் தப்பிவிடும். கடையில் வைட்டமின் ஏ வாங்கிக் கொடுப்பதும் கூடாது. காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீரென்று எடை கூடுவது, இதில் எது வந்தாலும் இரவானாலும் நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். செல்கள் கூட்டமாக முதிரும்போது வரும் சிக்கல் அது, ஸ்டீராய்டை உடனே தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும்.

பிள்ளைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். இந்த உடைப்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் பிற்காலத்தில் நேர்ந்தது, பரம்பரையாக இறங்காது. குடும்பத்தில் யாருக்கும் பரிசோதனை தேவையில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் ஒன்று: இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. சிகிச்சையின்போதும் அதன் பிறகும் எவ்வளவு காலம் குழந்தை உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.