தத்துப் பூனை வளர்ப்பு: முதல்முறை வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நேற்று தத்தெடுத்து வந்த 2 வயதுப் பூனை கட்டிலுக்கு அடியில் பதுங்கியதுதான், வெளியே வரவே இல்லை. இழுத்து எடுக்கலாமா?

பதில்: இழுக்கவே இழுக்காதீர்கள். ஒளிய ஓர் இடம் கிடைத்ததுதான் அதற்கு இப்போது இருக்கும் ஒரே தெம்பு. வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரே அறையில் வையுங்கள். ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர்மூலையில் மலம், மூத்திரம் போக மணல் தட்டு, கூடவே பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. பழைய இடத்தில் அது படுத்த துணி இருந்தால் துவைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள்.

தினமும் 2, 3 முறை போய்த் தரையில் சும்மா உட்காருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் பூனை மிரளும். கண்ணை மெல்ல மூடித் திறந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதுவாக வந்து விரலை முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தையும் தாடையையும் தடவலாம், வயிறு வேண்டாம். சில பூனைகள் 3 நாளில் பழகும், சிலவற்றுக்கு 3 வாரத்துக்கு மேலும் ஆகும்.

கேள்வி: அதுவரை சாப்பிடாமலே கிடந்தால்?

பதில்: முதல் ராத்திரி சாப்பிடாதது சகஜம். 24 மணி நேரம் தாண்டியும் வாய் வைக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்ற கணக்கு பூனையிடம் செல்லாது. பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி, ஈரலே செயலிழக்கும். குண்டுப் பூனைக்கு ஆபத்து கூடுதல். முன்பு சாப்பிட்ட அதே உணவைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஈர உணவை வெதுவெதுப்பாக்கினால் வாசனைக்கே பசி எடுக்கும். உணவை மாற்றுவதென்றால் கால் பங்கு கலந்து தொடங்கி 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள்.

கேள்வி: பால்?

பதில்: வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

கேள்வி: தட்டு இருந்தும் வெளியே அசிங்கம் செய்கிறது.

பதில்: அடிக்காதீர்கள், தட்டைப் பாருங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை எவ்வளவு நீளமோ அதில் ஒன்றரை மடங்கு நீளம் தேவை. மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம், வாசனை சேர்க்காதது. தினமும் அள்ள வேண்டும். ஒரு பூனைக்கே 2 தட்டு வைத்தால் நல்லது. அசிங்கமான இடத்தை நொதி (என்சைம்) கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் மூத்திர வாடைபோலவே இருக்கும், திரும்ப அங்கேயே போகும்.

கேள்வி: எங்களுடையது ஆண் பூனை. காலையிலிருந்து பத்து தடவை தட்டில் குந்துகிறது, முனகுகிறது, மணல் நனையவே இல்லை. மலச்சிக்கலா?

பதில்: உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், நாளை காலை என்று தள்ளாதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகல். படிகமோ சளியோ அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், மூத்திரப்பை கிழியலாம். இதற்காகத்தான் தினமும் அள்ளும்போது மூத்திரம் பட்டுக் கட்டியான மணல் எத்தனை, என்ன அளவு என்று பார்க்கச் சொல்கிறேன். நோயைப் பூனை மறைத்துவிடும், தட்டு மறைக்காது.

கேள்வி: உடம்பு சுடுகிறது. கால் மாத்திரை பாராசிட்டமால்?

பதில்: துணுக்குகூடக் கூடாது. அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், உயிரும் போகும். நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் விஷமே. லில்லிப் பூ வீட்டில் வேண்டாம்: உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். பூனையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். பயமெல்லாம் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியால். பூனையின் மலத்தில் வெளிவந்தபின் அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே வேறொருவர் தினமும் அள்ளட்டும். ஆளில்லாத நாளில் கையுறை போட்டு அள்ளி, சோப்பால் கை கழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். நீங்களும் அரைவேக்காட்டு இறைச்சியைத் தொடாதீர்கள், மண் ஒட்டிய காய்கறியை நன்றாகக் கழுவுங்கள். அதே கிருமி அந்த வழியிலும் வரும்.