பெயர் யாருடையது, படம் யாருடையது?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்றுவிடுகிறோம். பெயருக்கு டிரேட்மார்க், ஓவியத்துக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை, பொருளின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு. காப்புரிமை கண்டுபிடிப்புக்கு மட்டும்தான். நாலுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி விண்ணப்பம். எதற்கு எது என்று தெரியாமல் பணம் கட்டினால் பணம்தான் போகும்.

கேள்வி: 2019 முதல் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து ஒரு பெயரில் விற்கிறேன். ஜிஎஸ்டி, எஃப்எஸ்எஸ்ஏஐ, உத்யம் மூன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. 2023இல் தொழில் தொடங்கிய வேறு ஊர்க்காரர் ஒருவர் அதே பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். பெயர் கைவிட்டுப் போய்விடுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கையில் காகிதம் இருந்தால் போகாது. ஜிஎஸ்டி வரிக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புக்கு, உத்யம் சிறுதொழில் சலுகைக்கு. மூன்றுமே பெயரின் மேல் உரிமை தருவதில்லை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து அந்தப் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்லும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். டிரேட்மார்க் சட்டம் 1999இன் 34ஆம் பிரிவு, முந்தித் தொடங்கி இடைவிடாமல் பயன்படுத்தி வருபவரைப் பின்னால் வந்து பதிவு செய்தவர் தடுக்க முடியாது என்கிறது.

டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அவருடைய விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியாகிவிட்டது என்று காட்டினால், வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, இணையவழிக் கட்டணம் ₹2,700. இந்த 4 மாதம் ஒரு நாள்கூட நீளாது. இன்னும் வெளியாகவில்லை என்றால், வாராவாரம் வரும் டிரேட்மார்க் இதழில் கண் வைத்திருங்கள்.

கூடவே உங்கள் விண்ணப்பத்தையும் டிஎம்-ஏ படிவத்தில் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் உத்யம் சான்று உள்ள சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. மசாலாப் பொடி 30ஆம் வகுப்பில் வரும். நாளைக்குச் சமையல் எண்ணெயும் போடுவதாக இருந்தால் அது 29, தனிக் கட்டணம்.

பலர் சறுக்குவது படிவத்தின் ஒரு கட்டத்தில். எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தில், பிரமாணப் பத்திரம் தயார் செய்யும் வேலை மிச்சம் என்று 'இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறேன்' என்று சில ஏஜென்ட்டுகள் நிரப்பிவிடுவார்கள். உங்கள் 2019 அங்கேயே செத்துப்போகும். முதல் விற்பனைத் தேதியைப் போட்டு, அந்த ஆண்டின் பில், லேபிள் அச்சடித்த பிரஸ்ஸின் ரசீது, விளம்பர நோட்டீஸ் இவற்றைப் பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். பில்லில் உங்கள் ஊர்பேர் மட்டும் இருந்து பிராண்டு பெயர் இல்லாவிட்டால் அந்தப் பில்லால் பயன் குறைவு.

இன்னொன்று, வண்ண லேபிளை மட்டும் பதிவு செய்யாதீர்கள். லேபிள் பதிவு முழு லேபிளுக்குத்தான் காவல். அதிலுள்ள சொல்லுக்குத் தனி உரிமை தானாக வராது. வெறும் பெயரையும் தனியாகப் போடுங்கள். விண்ணப்பத்தைப் பதிவகம் ஆராய்ந்து அனுப்பும் தேர்வு அறிக்கை வந்து 'ஆட்சேபிக்கப்பட்டது' என்று காட்டினால் பதற வேண்டாம், 30 நாளைக்குள் பதில் போட்டால் போதும். சான்றிதழ் கைக்கு வரும்வரை பாக்கெட்டில் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடக் கூடாது.

கேள்வி: ₹8,000 கொடுத்து லோகோ வரைய வைத்தோம். பில்லும் இருக்கிறது. இப்போது அந்த டிசைனர், 'லோகோ என்னுடையது, மாற்ற வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும்' என்கிறார். பணம் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் உரிமை உங்களுடையது. வெளியாள் என்றால் எழுதி வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே பாக்கெட்டுக்காகக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17ஆம் பிரிவின்படி உங்களுடையது. லோகோவுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

'லோகோ டிசைனிங் சார்ஜ்' என்ற பில் உரிமை மாற்றம் ஆகாது. அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். லோகோவின் படத்தை அதிலேயே ஒட்டுங்கள். எந்தெந்த உரிமைகள், என்ன தொகை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள் என்று எழுதுங்கள். ஆண்டை எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாற்றி வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதியாகும் என்றும் ஒரு விதி உண்டு. அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் அன்றே வாங்கிவிடுங்கள். இப்போது கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது கையெழுத்து வாங்குவது, நாளைக்குப் பாக்கெட்டையே மாற்றுவதைவிட மலிவு.

கேள்வி: எங்கள் பெட்ஷீட் பூ டிசைனைப் பக்கத்து யூனிட் அப்படியே அடிக்கிறது. பதிப்புரிமை வழக்குப் போடலாமா? (வாசகர், கரூர்)

பதில்: எத்தனை பீஸ் ஓட்டியிருக்கிறீர்கள்? டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமலே தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அடித்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அந்த டிசைனின் பதிப்புரிமை முடிந்துவிடும். கரூரில் ஒரு ஆர்டருக்கே அதைப்போல பல மடங்கு ஓடும். மூல ஓவியம் தனிக் கலைப்படைப்பு என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அது நீண்ட சண்டை.

சரியான வழி டிசைன் சட்டம் 2000இன்கீழ் பதிவு. அதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை: விண்ணப்பிக்கும் நாள்வரை அந்த டிசைன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வாடிக்கையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் சாம்பிள் படம் போட்டிருந்தால்கூட எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். எனவே ஓடிக்கொண்டிருக்கும் டிசைனை விட்டுவிட்டு, அடுத்த சீசனுக்கான டிசைன்களைப் படம் வெளியே போகுமுன் பதியுங்கள். தனிநபர், சிறுதொழிலுக்குக் கட்டணம் ₹1,000. படுக்கை விரிப்பு 06ஆம் வகுப்பில் வரும். பாதுகாப்பு 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர், காசு கொடுத்து வரையச் சொன்ன டிசைனுக்கு உரிமையாளர் பையர்தான். அதை உங்கள் பெயரில் பதிந்தால் ஆர்டரோடு நல்ல பெயரும் போகும்.

கேள்வி: திருப்பூரில் கடலை மிட்டாய் போடுகிறோம். 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று அச்சிடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கூடாது. அந்தப் பெயர் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. குறிப்பிட்ட வட்டாரத்தில், சொன்ன முறையில் செய்து, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது. மாஸ்டர் கோவில்பட்டிக்காரர் என்பது கணக்கில் வராது. பொய்யாகப் போட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம்வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 'கடலை மிட்டாய்' என்று மட்டும் போடுங்கள், அது எல்லாருக்கும் பொது.

கேள்வி: ஜவுளிக்கடையில் சொந்தச் சந்தாவில் ஆப் வழியாகப் பாட்டுப் போடுகிறேன். பணம் கட்டியாகிவிட்டதே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அது நீங்கள் கேட்பதற்குக் கட்டிய பணம். கடைக்கு வருபவர்களுக்குப் போடுவது பொது ஒலிபரப்பு. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமம், அதிலுள்ள இசைக்கும் வரிகளுக்கும் இன்னோர் உரிமம். பணம் கேட்டு நோட்டீஸ் வந்தால், எந்தெந்தப் பாடல்களுக்கு உரிமை இருக்கிறது என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு கட்டுங்கள்.