மல்டிகிளாஸ் கேள்வி-பதில்: வரி போடாதீர்கள், ஓட்டையை மூடுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரே கேரக்டர் இரண்டு கிளாஸில் (வீரன், மந்திரவாதி மாதிரியான தொழில்) லெவல் எடுப்பதுதான் மல்டிகிளாஸ். இங்கே பேசுவது பெரும்பாலும் ஐந்தாம் எடிஷனைப் பற்றி.

ஃபைட்டர் 5, பார்பேரியன் 5 (எண், அந்தந்த கிளாஸில் எடுத்த லெவல்). இரண்டிலும் எக்ஸ்ட்ரா அட்டாக் (கூடுதலாக ஒரு அடி) இருக்கிறது. மூன்று அடி கிடைக்குமா?

கிடைக்காது. இரண்டுதான். விதிப் புத்தகத்தின் மல்டிகிளாஸ் பகுதியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது.

என் கேரக்டர் ஓவர் பவரா?

எந்த எடிஷன், எத்தனையாவது லெவல், என்னென்ன கிளாஸ்? எதுவும் எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

மல்டிகிளாஸ் எடுக்க இரண்டு கிளாஸுக்கும் முக்கிய ஸ்கோர் (பலம், அறிவு மாதிரியான திறன் எண்) 13 வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாமா?

தாராளமாக. அந்த விதி தடுக்க வேண்டியவர்களைத் தடுப்பதே இல்லை. பாலடின், வார்லாக், சோர்சரர், பார்ட் நான்குக்கும் கரிஸ்மா (வசீகரம்) வேண்டும். எல்லோரும் பயப்படும் கூட்டணிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன, அவர்களுக்கு 13 தானாகவே வந்துவிடும். மாட்டிக்கொள்வது விஸார்ட்-பார்பேரியன் ஆசைப்படும் பாவப்பட்டவர்தான். ஆனால் கேம்பெயின் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். நடுவில் விதியை மாற்றாதீர்கள்.

எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மல்டிகிளாஸ் எடுப்பவர்களுக்கு எக்ஸ்பியில் (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) 20% பிடிக்கிறார். நியாயமா?

நியாயமே இல்லை. 2000-இல் வந்த மூன்றாம் எடிஷனில் இதே 20% இருந்தது. அங்கே என்ன நடந்தது? ஃபைட்டர் 10, ரோக் 1 என்று ஒரு லெவல் மட்டும் நுனிப்புல் மேய்ந்த மனிதக் கேரக்டருக்கு அபராதமே கிடையாது, ஏனென்றால் அவருடைய உயர்ந்த கிளாஸ் லெவல் இடைவெளிக் கணக்கில் வராது. கதைக்காக ஃபைட்டர் 5, ரோக் 3 எடுத்த எல்ஃப் அபராதம் கட்டினார். இதே வரியை நானும் ஒரு கேம்பெயினில் போட்டேன். ஃபைட்டர்-விஸார்ட் ஆடியவர் எப்போதும் ஒரு லெவல் பின்னாலேயே நின்றார், பாதியில் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் எடிஷனில் தண்டனை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஐந்தாம் லெவலைப் பாருங்கள்: தனி விஸார்டுக்கு ஃபயர்பால் மந்திரம், சராசரி 28 சேதம். தனி ஃபைட்டருக்கு இரண்டாவது அடி. விஸார்ட் 3, ஃபைட்டர் 2 ஆனவருக்கு இரண்டும் இல்லை. ஸ்கோர் உயர்வும் கிளாஸ் லெவல் நான்கில்தான் வரும், அதுவும் இன்னும் வரவில்லை. இவரிடம் மேலும் 20% பிடுங்குவது அநியாயம்.

சிக்கல் முதல் ஓரிரு லெவலிலேயே எல்லாவற்றையும் கொட்டிக்கொடுக்கும் கிளாஸ்களில் இருக்கிறது. முதல் லெவலிலேயே கரிஸ்மாவால் வாள் வீச வைக்கும் ஹெக்ஸ்பிளேட் என்ற வார்லாக் சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு) நல்ல உதாரணம். 2024 புத்தகம் எல்லா சப்கிளாஸையும் மூன்றாம் லெவலுக்குத் தள்ளியது. பழைய 2014 புத்தகம் ஆடுபவர்கள் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். தொந்தரவு தரும் ஒரு அம்சத்தைத் திருத்துங்கள், ஆளைத் தண்டிக்காதீர்கள். நடுவில் மாற்றாதீர்கள் என்பது இங்கேயும் பொருந்தும்.

வார்லாக்-சோர்சரர் ஒருவர் தூங்கவே மாட்டேன் என்கிறார். ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எடுத்து எடுத்து ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) சேர்க்கிறார்.

பழைய தந்திரம். சோர்சரரின் மந்திரப் பாயிண்ட்டால் உண்டாக்கும் ஸ்லாட், லெவலுக்குரிய அதிகபட்ச எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்று ஒரே வரியில் விதி போடுங்கள். தூங்காமல் ஒவ்வொரு 24 மணி நேரமும் கடக்கும்போது கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்வலுச் சோதனை), டிசி (எட்ட வேண்டிய எண்) 10, அடுத்தடுத்து ஐந்து ஐந்தாகக் கூடும், தோற்றால் எக்ஸாஸ்ஷன் (களைப்பு) என்ற விருப்ப விதியும் 2017-லேயே வந்துவிட்டது.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் எடிஷன் மாதிரி ஃபீட் (தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமை) வழியாக மல்டிகிளாஸ் கொண்டுவரலாமா?

அப்படியே தூக்கி வைக்க முடியாது. அங்கே இரண்டு லெவலுக்கு ஒரு கிளாஸ் ஃபீட் வரும், அதில் ஒன்றை விட்டுக்கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே பெரும்பாலும் நாலு லெவலுக்கு ஒன்றுதான்.

பாலடின் 5, விஸார்ட் 1. ஸ்லாட் கணக்கு?

2014 புத்தகத்தில் பாலடின் லெவலில் பாதி, கீழே முழுமையாக்கி: 2 கூட்டல் 1, ஸ்லாட் அட்டவணையில் மூன்றாம் லெவல் வரிசை. 2024-இல் மேலே முழுமையாக்கி: நான்காம் வரிசை.