ஏழரை மணிக்குத்தான் ஆட்டம்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. 1992-இல் தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தவர். வந்த மறுவருடமே ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான லீஃப்ஸ் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலை, வீடு, பிள்ளை என்று எதிலும் குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் ஏப்ரலில் கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகள் தொடங்கினால் வேறு ஆள். வென்றால் வீடெல்லாம் கலகலப்பு, எல்லோருக்கும் பீட்சா. தோற்றால் இரண்டு மூன்று நாள் யாரோடும் பேச்சில்லை. இந்த முறை ஒட்டாவாவை வென்று, புளோரிடாவோடு முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் 2025 மே 18 ஞாயிறு இரவு ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றதும், போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றிக் கராஜில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். பத்து வயது மகன் அழுதழுது தூங்கினான். அவனுக்கு 1967-இலிருந்து எல்லாத் தோல்வியும் மனப்பாடம். மாமி ஆட்ட நாட்களில் ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார், அதனால் அவரால் பிரச்சினை இல்லை. அன்று அவர் காய்ச்சின கஞ்சியையும் ஒருவரும் தொடவில்லை. அடுத்த நாள் ஜேர்சியை எடுத்துத் தோய்த்து மடித்து வைத்தேன், கஞ்சியை ஊற்றிவிட்டுப் பானையைக் கழுவினேன். இப்படியே எத்தனை வருடம் போவது? ஸ்போர்ட்ஸ் சேனல்களை வெட்டிவிடலாமா? ஆட்ட நாட்களில் மகனைத் தங்கை வீட்டுக்கு அனுப்பலாமா?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: வருடா வருடம் மே மாதக் கடைசியில் இப்படிக் கடிதங்கள் வருகின்றன. மார்க்கம், அஜாக்ஸ், பிரம்ப்டன் என்று முகவரி மாறும். மற்றபடி தோற்ற இரவு, பேசாத கணவர், சாப்பிடாத சாப்பாடு எல்லாம் ஒன்றுதான். ஆம்பிளைகள் அப்படித்தான், பொறுத்துப் போங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியதும் உங்கள் கணவர் இல்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

மே 18 என்று தேதி எழுதியிருக்கிறீர்கள். அன்று மாமி கஞ்சி காய்ச்சினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கஞ்சி, தங்கச்சி?

நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அரிசி, தண்ணீர், உப்பு. கிடைத்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். 2009-இல் முள்ளிவாய்க்காலுக்குள் அடைபட்டுக் கிடந்த சனத்துக்குப் போரின் கடைசி நாட்களில் கிடைத்தது அதுதான். அதற்கும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்த நினைவில்தான் ஒவ்வொரு மே மாதமும் 12-ஆம் தேதியிலிருந்து 18 வரை ஊரிலும் இங்கேயும் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறோம். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் மே 18-இல் முடியும் அந்த ஏழு நாட்களுக்கென்று 2021-இல் சட்டமே நிறைவேற்றியது. 2022-இல் கனடா நாடாளுமன்றமும் மே 18-ஐ நினைவு நாளாக ஏற்றுக்கொண்டது. இந்த வருடம், 2025-இல், அதே மே மாதம் 10-ஆம் தேதி பிரம்ப்டனில் நினைவுத்தூபி திறந்தார்கள். ஒரு மாகாணமும் ஒரு நாடாளுமன்றமும் நினைவு வைத்திருக்கிற நாள், உங்கள் வீட்டுச் சமையலறையில் 'ஏழாவது ஆட்டம் நடந்த நாள்' ஆகிவிட்டது.

குப்பைக்குள் போன ஜேர்சியை எடுத்துத் தோய்த்து, காய வைத்து, மடித்து வைத்தீர்கள். மாமியின் கஞ்சியை சிங்கில் ஊற்றினீர்கள். இரண்டும் ஒரே திங்கட்கிழமை, விக்டோரியா தின விடுமுறை, அவசரமாக எங்கும் ஓட வேண்டியதில்லாத நாள். இதை நான் தோண்டி எடுக்கவில்லை. நீங்களே ஒரே வசனத்தில், நடுவில் ஒரு காற்புள்ளி மட்டும் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். கணவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பானையைத் தூக்கியவர் நீங்கள். தூக்கியபோது அதன் கனம் தெரிந்திருக்கும். மாமி தனக்கு மட்டும் காய்ச்சியிருந்தால் அடுத்த நாள் கழுவுமளவுக்குப் பானையில் மிஞ்சியிருக்காது. எல்லோருக்குமாகத்தான் காய்ச்சியிருக்கிறார்.

அப்புறம், 'அவரால் பிரச்சினை இல்லை' என்ற அந்த இடம். வயதான ஒரு பெண் தானாகவே ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார். யாரோ எப்போதோ சத்தம் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்டைம் நேரத்தில் ஏதோ கேட்டுவிட்டார் என்று முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நீங்களே நல்ல எண்ணத்தோடு, 'மாமி, இண்டைக்கு மேட்ச், வேளைக்குச் சாப்பிட்டுடுங்கோ' என்று சொல்லியிருப்பீர்கள். எதுவாக இருந்தாலும், அவர் அந்த வீட்டில் ஒதுங்கி வாழப் பழகிவிட்டார், நீங்கள் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டீர்கள். மாமியார்களால் அவதிப்படும் மருமகள்மாரின் கடிதங்களையும் நான் நிறையப் படிக்கிறேன், அவர்களுக்காகக் கடுமையாக எழுதியும் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மாமி செய்ததாக இருப்பது ஒன்றே ஒன்று, கஞ்சி காய்ச்சியது.

இனி உங்கள் கணவர். அவருடைய துக்கத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பிளேஓஃப் ஹொக்கி ஆளைப் பிடித்து ஆட்டும் விதத்தில்தான் அமைந்திருக்கிறது. ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரைக்கும், பெரும்பாலும் ஒன்றுவிட்ட ஒரு நாள். முந்தாநாள் தோற்ற காயம் ஆறுமுன் அடுத்த ஆட்டம் வந்து நிற்கும். கிண்ணத்தைத் தொட நான்கு சுற்று, பதினாறு வெற்றி. சமநிலையில் முடிந்தால் பெனால்டி அடித்துத் தீர்ப்பதெல்லாம் கிடையாது, யாராவது ஒரு கோல் போடும் வரை இருபது இருபது நிமிடமாக நள்ளிரவு தாண்டியும் போகும், அந்த ஒரு கோலோடு எல்லாம் முடிந்துவிடும். இதில் ரொறன்ரோக்காரராகப் பிறந்தால், அல்லது ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தால், கேட்கவே வேண்டாம். 1967-க்குப் பிறகு கிண்ணம் இல்லை. 2004-இல் ஒரு தொடர் வென்றவர்கள் அடுத்த தொடரை வெல்ல 2023 வரை ஆனது. இடையில் 2013-இல் பொஸ்டனில் ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னால் நின்று, கடைசி 51 விநாடியில் சமநிலையாகி, ஓவர்டைமில் தோற்றது. 2021-இல் மொன்றியலோடு 3-1 என்று முன்னிலையில் இருந்து தொடரையே இழந்தது. 2024-இல் மறுபடியும் பொஸ்டன், மறுபடியும் ஏழாவது ஆட்டம், மறுபடியும் ஓவர்டைம். இந்த மே 18-இல் அரங்கத்துக்குள் இருந்த ரசிகர்களே ஜேர்சியைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். உங்கள் கணவர் தனி ஆள் இல்லை.

அவருக்கு அது பிடித்த வருடத்தையும் எனக்கு விளங்குகிறது. நீங்கள் சொல்லும் மறுவருடம் 1993. லீஃப்ஸ் வீரர் டக் கில்மோரின் வருடம். டெட்ரொயிட்டோடு ஏழு ஆட்டம், சென்ட் லூயிஸோடு ஏழு ஆட்டம், லொஸ் ஏஞ்சலஸோடு ஏழு ஆட்டம். அந்தக் கடைசித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலஸ் வீரர் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மோரின் முகத்தில் பட்டும் நடுவர் தண்டனை கொடுக்கவில்லை, அதே கிரெட்ஸ்கி ஓவர்டைமில் கோல் போட்டார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு லீஃப்ஸை வீட்டுக்கு அனுப்பினார். இந்த ஊரில் இன்றைக்கும் அந்த நடுவரைத் திட்டாத ரசிகர் இல்லை. வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காத பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது அப்போதுதான். அந்தப் பிடிப்பு சாகும்வரை விடாது, விடவும் வேண்டாம்.

ஆனால் அந்த இரவுகளில் அவன் பக்கத்தில் இருந்த பெரியவர் யார்? தாயோடு வந்தவர் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஊரை விட்டு வந்த ஒரு பெண், மொழி தெரியாத ஊரில் மகனை வளர்த்துக்கொண்டு, விளங்காத ஒரு விளையாட்டு வீட்டுக்குள் ஓட இடம் கொடுத்தார். அவரை இன்று ஐந்து மணிக்கு அறைக்குள் அனுப்பிவிட்டுத்தான் மகன் டிவி போடுகிறார். இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், இதே சொற்களில் சொல்லுங்கள்.

2009 மே 10-ஆம் தேதி மாலை நம் சனம் போரை நிறுத்தக் கேட்டு, பிள்ளைகளோடும் முதியவர்களோடும் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றது. லீஃப்ஸ் ஆடும் அரங்கம் அந்த நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. அப்போது உங்கள் கணவருக்கு 28 வயது. அன்று எங்கே நின்றார் என்று கேளுங்கள். மாமி எங்கே நின்றார் என்றும் கேளுங்கள். பதில் எதுவானாலும் உங்கள் மகன் அதைக் கேட்க வேண்டும்.

மகனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 51 விநாடி அவனுக்குத் தெரியும். பாட்டி ஏன் அன்று அடுப்படியில் நின்றார் என்று தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் தலைக்குள் கொள்ளும். தோற்றதற்கு அவன் அழுதால் அழட்டும், ஒரு அணியை மனதார நேசிக்கிற பிள்ளை அழத்தான் செய்யும். அவனைத் தங்கை வீட்டுக்கு அனுப்பும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒருவரை அறைக்குள் அனுப்பியாயிற்று. இப்போது இரண்டாவது ஆள். இப்படியே போனால் தகப்பனின் முகம் கெடாமல் இருப்பதற்காக வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஒரு குடும்பத் தலைவனுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஓர் இரவு சாப்பிடாமல் படுக்கலாம். மறுநாள் காலை எழுந்து தாயோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், பிள்ளையிடம் 'அடுத்த முறை பார்ப்பம்' என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் மௌனம் என்பது துக்கம் இல்லை, மற்ற மூன்று பேருக்கும் கொடுக்கும் தண்டனை.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதலில் மாமியின் அறைக்குப் போங்கள். கணவரை எதிர்பார்க்காமல், இன்றைக்கே. கஞ்சியை ஊற்றியது நான்தான், என்ன கஞ்சி என்று யோசிக்கவே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள், ஹொக்கியை இழுக்காதீர்கள். பிறகு, யாரை நினைத்துக் காய்ச்சினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பதால் உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஒருவேளை வன்னியில் அவருக்குச் சொந்தம் இருந்திருக்கலாம், ஒருவேளை யாருமே இல்லாமல் எல்லோருக்குமாகக் காய்ச்சியிருக்கலாம். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெயர்கள் வந்தால் அவன் கொப்பியில் எழுதட்டும். கணக்கும் வருடமும் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை.

கணவரிடம் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பேசுங்கள். நீங்கள் ஊற்றியதைச் சொல்லித் தொடங்குங்கள், அவர் எறிந்ததைச் சொல்லித் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். அக்டோபரில் புது சீசன் தொடங்கும்போது, ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு நான்கு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவது என்று முடிவெடுங்கள். மே 18 அன்றுகூட ஆட்டம் ஏழரைக்குத்தான் தொடங்கியது. நான்கு பேர் ஆளுக்கொரு கோப்பைக் கஞ்சி குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பிட்டு முடிந்ததும் மாமிக்குச் சோபாவில் இடம் விடுங்கள். அவர் பார்க்க விரும்புகிறாரா இல்லையா என்று அவரே சொல்லட்டும். நடுவில் ஏதாவது கேட்டால், ஒரு காலத்தில் அவர் மகனுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன மாதிரி, மகன் பதில் சொல்லட்டும்.

அடுத்த வருடமும் மே 18 பிளேஓஃப் நடுவில்தான் வரும். லீஃப்ஸ் அதில் இருந்தாலும் சரி, ஏப்ரலிலேயே வெளியே போனாலும் சரி, அன்று அடுப்பில் பானை வைக்க வேண்டியவர் உங்கள் கணவர். எவ்வளவு அரிசி, எவ்வளவு உப்பு என்று தாயிடம் கேட்டு அவரே காய்ச்சட்டும். லீஃப்ஸ் ஜேர்சி போட்டுக்கொண்டே காய்ச்சினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

சேனல்களை வெட்ட வேண்டாம். வெட்டினால் சிநேகிதர் வீட்டில் போய்ப் பார்ப்பார், தோற்ற இரவில் வீட்டுக்கும் பிந்தி வருவார், நீங்கள் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். அதற்குப் பதிலாக இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆனால் மாமியிடம் போய்வந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.